உமர் முக்தார்: இரவு அரசாங்கமும் முள்வேலி முகாம்களும்

கேள்வி மூன்று பகுதியாக வந்திருக்கிறது. ஆந்தனி குயின் நடித்த 'லயன் ஆஃப் தி டெசர்ட்' படத்தில் பார்த்த லிபியப் போராளி உமர் முக்தார் நிஜத்தில் யார்? குர்ஆன் சொல்லிக்கொடுத்த ஒரு பெரியவரால், விமானமும் கவச வண்டியும் வைத்திருந்த இத்தாலியை இத்தனை வருடம் எப்படிச் சமாளிக்க முடிந்தது? கடைசியில் ஏன் தோற்றார்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரிடம் இருந்த படை சின்னது. ஆனால் அந்தப் படைக்குப் பின்னால் ஓர் அரசாங்கமே இயங்கியது. அது வரி வசூலித்தது, ரசீது கொடுத்தது, வழக்கு தீர்த்தது. இத்தாலி எத்தனையோ மோதல்களில் ஜெயித்தும் அந்த அரசாங்கத்தை அசைக்க முடியவில்லை. அதன் குடிமக்களை மொத்தமாகப் பெயர்த்தெடுத்து முள்வேலிக்குள் அடைத்தபிறகுதான் அவரைப் பிடிக்கவே முடிந்தது. மீதியெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

உமர் முக்தார் பிறந்தது கிழக்கு லிபியாவில், தோப்ருக் வட்டாரத்தில். மினிஃபா கோத்திரம். பிறந்த ஆண்டை 1858 என்றும் 1862 என்றும் புத்தகங்கள் மாற்றி மாற்றிச் சொல்கின்றன. கடைசி விசாரணையின்போது அவருக்கு வயது 73 என்று இத்தாலிய நீதிமன்றம் பதிந்திருக்கிறது. சிறுவனாக இருக்கும்போதே தந்தை ஹஜ் பயணத்தில் இறந்துபோனார். மார்க்கக் கல்விதான் அவரை வளர்த்தது. எகிப்து எல்லையை ஒட்டிய ஜக்பூப் பாலைவனச் சோலையில் சனூஸி இயக்கத்தின் பெரிய கல்விக்கூடம் இருந்தது. அங்கே எட்டு வருடம் ஓதினார்.

இந்த சனூஸி இயக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் உமர் முக்தாரைப் புரிந்துகொள்ள முடியாது. அல்ஜீரியாவில் பிறந்த முஹம்மத் பின் அலி அஸ்ஸனூஸி 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சூஃபி வழி அது. கிழக்கு லிபியா முழுக்க 'ஸாவியா' என்ற மையங்களை அமைத்தார்கள். நம்மூர் தைக்காவை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வேலை அதைவிடப் பல மடங்கு. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது, வழிப்போக்கர்களுக்குச் சோறு, கிணற்றுத் தகராறுக்குப் பஞ்சாயத்து, கொலைப் பழி தீர்க்கும் இரண்டு கோத்திரங்களுக்கு இடையே சமரசம், வணிகக் கூட்டங்களுக்குத் தங்குமிடம், எல்லாம் அங்கேதான். அன்று லிபியாவை ஆண்ட உஸ்மானிய (ஓட்டோமான் துருக்கி) அரசு துறைமுக ஊர்களில் மட்டும்தான் கண்ணில் பட்டது. உள்நாட்டில் அரசு என்று சொல்ல ஏதாவது இருந்தது என்றால் அது ஸாவியாதான்.

1890களின் கடைசியில் அல்மர்ஜ் அருகே அல்குஸூர் என்ற ஸாவியாவுக்கு உமர் முக்தாரை ஷைகாக, அதாவது அதன் தலைவராக, அனுப்பினார்கள். அந்தப் பகுதியில் இருந்த அபீத் கோத்திரம் யாருக்கும் அடங்காது என்று பெயர் வாங்கியது. அவர்களிடையே பஞ்சாயத்து செய்து நல்ல பெயர் எடுத்தவர் இவர். பிறகு சாடு நாட்டுப் பக்கம் பிரெஞ்சுப் படை முன்னேறியபோது சனூஸிகள் அங்கே எதிர்த்துப் போராடினார்கள், அதிலும் இவர் இருந்தார். ஆக, இத்தாலி வந்து இறங்கும்போது அவர் வெறும் ஓதிக்கொடுக்கும் ஆசிரியர் இல்லை. நிர்வாக அனுபவமும் ஐரோப்பியப் படையோடு மோதிய அனுபவமும் உள்ள, ஐம்பதை எட்டிய மனிதர். படத்தைப் பார்த்துவிட்டு 'ஒரு வாத்தியார் புத்தகத்தை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார்' என்று சொல்கிறோமே, கதைக்கு அழகுதான், நடந்தது அப்படியில்லை.

1911 செப்டம்பர் 29 அன்று இத்தாலி உஸ்மானிய அரசின் மேல் போர் அறிவித்தது. பிரிட்டனும் பிரான்சும் வட ஆப்பிரிக்காவைப் பங்குபோட்டு முடித்திருந்தார்கள், இத்தாலிக்கு மிச்சம் கிடைத்தது லிபியா. அந்தப் போரில் நவம்பர் 1 அன்று ஜூலியோ கவோட்டி என்ற இத்தாலிய விமானி திரிபோலி அருகே கையாலேயே சில குண்டுகளை எடுத்துக் கீழே போட்டார். உலகில் விமானத்திலிருந்து போட்ட முதல் குண்டுகள் அவைதான். அடுத்த வருடமே உஸ்மானியர் ஒப்பந்தம் போட்டு விலகிக்கொண்டார்கள். சனூஸிகள் விலகவில்லை.

நடுவில் பத்து வருடக் கதை சிக்கலானது, வேகமாகச் சொல்கிறேன். முதல் உலகப் போரில் சனூஸித் தலைவர் அஹ்மத் ஷரீஃப், உஸ்மானியர் பக்கம் நின்று எகிப்தில் இருந்த பிரிட்டிஷாரைத் தாக்கித் தோற்றார். தலைமை அதே சனூஸிக் குடும்பத்து இத்ரீஸ் கைக்குப் போனது. அவர் பேச்சுவார்த்தைக்காரர். 1917இலும் 1920இலும் இத்தாலியோடு ஒப்பந்தங்கள் போட்டு அமீர் பட்டமும் உள்நாட்டில் ஓரளவு தன்னாட்சியும் பெற்றார். 1922 அக்டோபரில் முசோலினி ஆட்சிக்கு வந்ததும் அந்த ஒப்பந்தங்களெல்லாம் குப்பைக்குப் போயின. இத்ரீஸ் எகிப்துக்குப் போய்விட்டார். 1923இல் உமர் முக்தார் அங்கே போய் அவரைச் சந்தித்து, களத்தை நடத்தும் பொறுப்போடு மலைக்குத் திரும்பினார். அறுபதைத் தாண்டிய வயதில் அவருடைய உண்மையான போர் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

மலை என்கிறேன், கவனித்தீர்களா? 'பாலைவனச் சிங்கம்' என்ற பட்டப்பெயரால் எல்லாரும் மணல்மேடுகளில் குதிரை ஓட்டியதாக நினைக்கிறார்கள். சண்டையின் பெரும்பகுதி நடந்தது ஜபல் அக்தர் என்ற பசுமலையில். கடலை ஒட்டி எழும் பீடபூமி அது, லிபியாவிலேயே நன்றாக மழை பெறும் இடம். அடர்ந்த புதர்க்காடு, குகைகள், திடீரென்று பிளந்து இறங்கும் பள்ளத்தாக்குகள். மேலே பறக்கும் விமானத்துக்கு ஒன்றும் தெரியாது, கவச வண்டி உள்ளே வரவே வராது. அங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு மட்டும் எந்தப் பள்ளத்தாக்கில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும் என்று தெரியும். இத்தாலியர் இந்த மலையைத்தான் விவசாயக் குடியேற்றத்துக்குக் குறிவைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணலுக்காக யாரும் இருபது வருடம் சண்டை போடமாட்டார்கள்.

போராளிகளை அவர் 'தவ்ர்' என்ற பிரிவுகளாக அமைத்தார். ஒவ்வொன்றும் ஒரு கோத்திரத்தின் பெயரில், நூறு முதல் முந்நூறு பேர் வரை. ஒரு கோத்திரத்தின் தவ்ரில் ஆள் விழுந்தால் அந்தக் கோத்திரமே அடுத்த ஆளை அனுப்பும், அல்லது அதற்கு ஈடாகப் பணமும் பொருளும் கொடுக்கும். ஆயுதம், குதிரை, உணவு எல்லாம் அப்படியே. மொத்தம் பார்த்தால் மலையில் எப்போதும் சுமார் ஆயிரம் பேர்தான், கடைசி வருடங்களில் அதிலும் பாதி. ஆனால் அந்த ஆயிரம் தீரவில்லை. கொல்லக் கொல்ல அது மறுபடி நிரம்பிக்கொண்டே இருந்தது.

இதில்தான் அந்த அரசாங்கம் வருகிறது. இத்தாலியிடம் 'அடங்கிவிட்டோம்' என்று கைநாட்டு வைத்த கோத்திரங்கள் பகலில் இத்தாலியக் கொடியின் கீழ் ஆடு மேய்க்கும். ராத்திரி உமர் முக்தாரின் ஆட்கள் வந்து ஜகாத் என்ற மார்க்க வரியை வசூலிப்பார்கள், அதற்கு எழுத்தில் ரசீதும் கொடுப்பார்கள். அடங்கிய மக்களின் கூடாரங்களைச் சோதனை போட்ட இத்தாலிய அதிகாரிகளுக்கு இந்த ரசீதுகள் கிடைத்தன. 'இரவு அரசாங்கம்' என்று அவர்களே பெயர் வைத்தார்கள். எகிப்து எல்லையில் ஆடும் கம்பளியும் அந்தப் பக்கம் போயின, தேயிலை, சர்க்கரை, அரிசி, தோட்டா இந்தப் பக்கம் வந்தன. இத்தாலியின் சொந்தப் படையில் இருந்த லிபியச் சிப்பாய்களிடமிருந்தே தோட்டாக்கள் மலைக்குக் கைமாறின.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். இத்தாலி தன் சொந்த இளைஞர்களைக் குறைவாகவே மலைக்கு அனுப்பியது. சவப்பெட்டிகள் ரோமுக்குப் போனால் கேள்வி வரும். முன்வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் எரித்திரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 'அஸ்காரி' சிப்பாய்கள். ஒரு காலனி மக்களைக் கொண்டு இன்னொரு காலனியை அடக்குவது. பிரிட்டிஷ் இந்தியப் படை எங்கெல்லாம் போய்ச் சண்டை போட்டது என்று அறிந்த நமக்கு இது புதிதில்லை.

1929இல் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. அந்த வருடம் லிபியா முழுமைக்கும் ஆளுநராக வந்த பதோலியோ, ஜூன் 19 அன்று சீதி ரஹூமா என்ற இடத்தில் உமர் முக்தாரை நேரில் சந்தித்தார். சில மாதம் சண்டை நின்றது. இத்தாலியத் தரப்பு உடனே 'கிழவர் சரணடைந்துவிட்டார்' என்று உலகத்துக்குச் சொன்னது. தான் சரணடையவில்லை, பேசத்தான் வந்தேன் என்று உமர் முக்தார் எகிப்துப் பத்திரிகைகள் வழியாக மறுத்தார். சனூஸிக் குடும்பத்தில் ஒரு கிளையை வளைத்துத் தனி ஒப்பந்தம் போடும் வேலையும் நடந்தது, அதையும் அவர் ஏற்கவில்லை. வருடக் கடைசியில் மறுபடி துப்பாக்கிகள் வெடித்தன.

இதற்குப் பிறகு வந்தவர்தான் ரொடோல்ஃபோ கிராசியானி. 1930 மார்ச்சில் கிழக்கு லிபியாவின் துணை ஆளுநராகப் பொறுப்பேற்றார். மோசமான மனிதர்தான், ஆனால் பிரச்சினையைச் சரியாகப் புரிந்துகொண்டவர். மலையில் இருக்கும் ஆயிரம் பேரைத் துரத்திப் பயனில்லை, அவர்களுக்குச் சோறு போடும் அரசாங்கத்தை அழிக்கவேண்டும் என்று கண்டுகொண்டார். ஸாவியாக்களை மூடி அவற்றின் சொத்துகளைப் பறிமுதல் செய்தார். ஷைகுகளை இத்தாலியத் தீவான உஸ்திகாவுக்கு நாடு கடத்தினார். லிபியச் சிப்பாய்களின் படைப்பிரிவுகளில் பெரும்பகுதியைக் கலைத்தார். 'பறக்கும் நீதிமன்றம்' ஒன்றை வைத்து, விமானத்தில் ஊர் ஊராக இறங்கி, அங்கேயே விசாரித்து, அங்கேயே தண்டனையை நிறைவேற்றினார்.

அதுவும் போதவில்லை. 1930 ஜூன் 20 தேதியிட்டு பதோலியோ கிராசியானிக்கு எழுதிய கடிதம் ஆவணக் காப்பகத்தில் கிடைத்து, வரலாற்றாளர்களால் வெளியிடப்பட்டது. போராளிகளுக்கும் அடங்கிய மக்களுக்கும் இடையே பெரிய, தெளிவான இடைவெளி உண்டாக்கவேண்டும், இதன் பொருள் அந்த மக்களின் அழிவு என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் பாதை வகுத்தாகிவிட்டது, மாகாணத்தின் மொத்த மக்களும் செத்தாலும் கடைசிவரை போயாகவேண்டும் என்பது அதன் சாரம். கோபத்தில் கத்தியது இல்லை இது, அலுவலகக் கடிதம்.

அப்படியே செய்தார்கள். பசுமலையிலும் அதன் கிழக்கே உள்ள மேய்ச்சல் நிலங்களிலும் இருந்த சுமார் ஒரு லட்சம் பேரை, பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், ஆடு, ஒட்டகம் எல்லாவற்றோடும் ஓட்டிக்கொண்டு போனார்கள். தூரத்திலிருந்து வந்த கோத்திரங்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நடந்தன. பின்தங்கியவர்களைச் சுட்டார்கள். சலூக், அல்மக்ரூன், பிரேகா, அகைலா என்று பெங்காசிக்குத் தெற்கிலும் சிர்த் வளைகுடா ஓரத்திலும் முகாம்கள். இரட்டை முள்வேலி, நெருக்கியடித்த கிழிந்த கூடாரங்கள், அளந்து கொடுத்த கொஞ்சம் பார்லி. மேய்க்க நிலமில்லாமல் மந்தைகள் செத்தன, மந்தை செத்தபின் மனிதர்கள். பசி, டைஃபஸ், அடி, தூக்கு. இறந்தவர்கள் எண்ணிக்கையைக் குறைத்து மதிப்பிடுபவர்களே 40,000 என்கிறார்கள், 60,000க்கும் மேல் என்பவர்களும் உண்டு.

இதில் அகைலா தண்டனை முகாம், போராளிகளின் உறவினர்களுக்கென்றே ஒதுக்கியது. உமர் முக்தாரின் சொந்த மினிஃபா கோத்திரத்தைச் சேர்ந்த ரஜப் பூ ஹுவைஷ் என்பவர் அங்கே கைதியாக இருந்து ஒரு நீண்ட கவிதை பாடினார். 'அகைலா முகாமைத் தவிர எனக்கு வேறு நோயில்லை' என்று தொடங்கும் அந்தப் பாட்டை லிபியர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எழுதப்படிக்கத் தெரியாத மக்கள் தங்கள் ஆவணத்தை இப்படித்தான் காப்பாற்றி வைத்தார்கள். இத்தாலியின் சொந்த ஆவணங்கள் பல பத்தாண்டுகள் பூட்டியே கிடந்தன.

முகாம்களோடு இன்னும் மூன்று அடி. 1930 ஜூலை 31 அன்று தாஸிர்பு பாலைவனச் சோலையில் விமானத்திலிருந்து கடுகு வாயுக் குண்டு போட்டார்கள். நச்சு வாயுவைத் தடைசெய்யும் 1925 ஜெனீவா உடன்படிக்கையில் இத்தாலியும் கையெழுத்திட்டிருந்தது. 1931 ஜனவரியில் சனூஸிகளின் தெற்குக் கோட்டையான குஃப்ரா விழுந்தது. அதே வருடம் பார்தியா துறைமுகத்திலிருந்து ஜக்பூப் வரை எகிப்து எல்லை நெடுக 270 கிலோமீட்டருக்கு முள்வேலி போட்டுக் காவல் கோபுரங்கள் வைத்தார்கள். தேயிலையும் தோட்டாவும் வந்த வழி அடைந்தது.

இப்போது மலையில் யார் மிச்சம்? சில நூறு பேர். ஜகாத் கொடுக்க ஆளில்லை, செய்தி சொல்ல ஆளில்லை, செத்தவனுக்குப் பதில் ஆள் அனுப்பக் கோத்திரமே அங்கே இல்லை. அந்த நிலையிலும் அவர் ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். எகிப்துக்குப் போய்விடுங்கள் என்று சொன்னவர்களுக்கு மறுத்துவிட்டார்.

1931 செப்டம்பர் 11 அன்று ஸ்லோந்தா அருகே நடந்த மோதலில் அவர் குதிரை சுடப்பட்டு விழுந்தது. இத்தாலியரிடம் வேலை பார்த்த லிபியக் குதிரைப்படைக்காரர்கள்தான் பிடித்தார்கள், அடையாளம் கண்டதும் அவர்கள்தான். சூஸா துறைமுகத்திலிருந்து போர்க்கப்பலில் பெங்காசிக்குக் கொண்டுபோனார்கள். விசாரணைக்கு முன்பே பதோலியோ தந்தி அடித்துவிட்டார்: முறையான விசாரணை நடக்கட்டும், தீர்ப்பு நிச்சயம் மரணம்தான், அதைப் பெரிய முகாம் ஒன்றில் வைத்து நிறைவேற்றுங்கள்.

செப்டம்பர் 15 காலையில் கிராசியானி அவரைத் தன் அலுவலகத்துக்கு வரவழைத்துப் பேசினார். மாலை ஐந்து மணிக்கு விசாரணை, ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. இத்தாலியக் குடிமகன் அரசுக்கு எதிராகக் கலகம் செய்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் ஒருநாளும் இத்தாலியின் குடியாக இருந்ததில்லை, பிடிபட்டபோது அவர் போர்க்கைதி. இந்த எளிய உண்மையை ஒட்டி வாதாடிய கேப்டன் ரொபெர்த்தோ லொன்தானோ, அரசே நியமித்த ராணுவ வழக்கறிஞர். அதிக அக்கறையோடு வாதாடினார் என்பதற்காக அவருக்குப் பத்து நாள் காவல் தண்டனை கிடைத்தது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இத்தாலியர் அவர்.

மறுநாள், செப்டம்பர் 16 காலை ஒன்பது மணிக்கு, சலூக் முகாமில், கைதிகளாக நிறுத்தப்பட்டிருந்த சுமார் 20,000 பேர் முன்னால் தூக்கிலிட்டார்கள். அவருக்குப் பின் தலைமை ஏற்ற யூசுஃப் பூ ரஹீல் டிசம்பரில் கொல்லப்பட்டார். 1932 ஜனவரி 24 அன்று கலகம் முடிந்ததாக பதோலியோ அறிவித்தார். பதோலியோவும் கிராசியானியும் பிறகு எத்தியோப்பியாவில் இதே வேலையைத் தொடர்ந்தார்கள். லிபியாவில் செய்ததற்காக இருவருமே ஒருநாளும் கூண்டில் ஏறவில்லை. பதோலியோ 1943இல் இத்தாலியின் பிரதமரே ஆனார். கிராசியானிக்கு 1950இல் 19 வருடச் சிறை கிடைத்தது, அதுவும் ஜெர்மானியரோடு ஒத்துழைத்ததற்காக. சில மாதத்திலேயே வெளியே வந்துவிட்டார். 2012இல் அஃபீலே என்ற இத்தாலிய ஊரில் அவருக்கு நினைவுமண்டபம் கூடக் கட்டினார்கள்.

சரி, படம் எவ்வளவு உண்மை? முகாம்கள், வேலி, விசாரணை, தூக்கு எல்லாம் நடந்தவை. படத்தில் வரும் உமர் முக்தாரின் மூக்குக் கண்ணாடியும் உண்மை, 1930 அக்டோபர் மோதல் ஒன்றில் அவர் அதைத் தவறவிட்டு அது கிராசியானி கைக்குப் போனது. ராணுவத்தின் மானத்தைக் கெடுக்கிறது என்று சொல்லி இத்தாலி 1982இல் படத்தைத் தடுத்தது. 2009இல் அப்போது லிபியாவை ஆண்ட கடாஃபி, கைவிலங்கிட்ட உமர் முக்தாரின் புகைப்படத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு ரோமில் போய் இறங்கிய வாரத்தில்தான் அங்கே தொலைக்காட்சியில் காட்டினார்கள். படத்துக்குப் பணம் கொடுத்ததும் கடாஃபி அரசுதான் என்பதால் இத்ரீஸும் சனூஸி இயக்கமும் அதில் தேய்ந்துபோய்விட்டன. பிற்பாடு லிபியாவின் மன்னரான அதே இத்ரீஸைத்தானே 1969இல் கடாஃபி கவிழ்த்தார்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் வசனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைதியைக் கொல்லச் சொன்ன தோழரிடம் 'அவர்கள் நமக்கு ஆசிரியர்கள் இல்லை' என்று சொன்னாரே, அது படத்து வசனம். நல்ல வசனம்தான். ஆனால் கிராசியானி தன் புத்தகத்தில் பதிந்திருக்கும் உரையாடல் வேறு மாதிரி இருக்கிறது. பிடிபட்ட இரண்டு இத்தாலிய விமானிகள் கொல்லப்பட்டதைப் பற்றிக் கேட்டபோது, தவறு எதுவானாலும் தலைவனுக்கே சேரும், போர் என்றால் போர்தான் என்று பதில் சொன்னாராம். எழுதியவர் எதிரி என்பதை மறக்காமல் படிக்கவேண்டும். அதே எதிரிதான், சனூஸிகளில் இவ்வளவு பெரிய இடத்தில் இருந்தும் கடைசிவரை ஏழையாகவும் பக்திமானாகவும் விலைபோகாதவராகவும் இருந்தார் என்றும் அதே புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்.